நிஜாம் அளித்த ஆயிரம் பவுன்

நாம் வாழும் பள்ளிப்பட்டு, தமிழகத்தின் வடகோடியில் ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர். 1960ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, அவ்வாண்டில் திருத்தணியோடு தமிழகத்திற்கு வந்து சேர்ந்தது. எல்லைக் கோடு இடம் மாறியதே ஒழிய, மக்களின் கால்கள் பழகிய பாதையை மாற்றிக்கொள்ளவில்லை. மருத்துவத்திற்குத் திருத்தணிக்குச் செல்வோர் ஒருபுறம். நகரிக்கும் புத்தூருக்கும் செல்வோர் மறுபுறம். ஒரே வீட்டில் தமிழில் பெயர் அச்சிட்ட மருந்துச் சீட்டும் இருக்கும். தெலுங்கில் அச்சிட்ட சீட்டும் இருக்கும். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, இவற்றால் வயிறு எரியாமலிருக்க இன்னொன்று என்று காகித உறைகள் மாடக்குழியில் அடுக்கப்பட்டிருப்பதை எந்த வீட்டிலும் காணலாம்.

இம்மருந்துகள் கோடிக்கணக்கானோரின் உயிரைக் காத்து வருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், பலருக்கு நன்மை செய்த மருந்தே எங்கோ ஒருவருக்கு, எவரும் எதிர்பாராத வகையில் தீங்கு செய்துவிடுவதும் உண்டு. அத்தீங்கை யார் காண்பது? கண்டவர் யாரிடம் சொல்வது? சொன்னதை யார் எண்ணிக் கணக்கிடுவது? இன்று உலக நாடுகள் பலவற்றில் இதற்கென அரசு அமைப்புகள் இருக்கின்றன. அவ்வமைப்புகள் தோன்றிய வரலாற்றைத் தேடிச் செல்வோர், எடின்பரோவிலும் லண்டனிலும் மட்டுமன்றி, நம் நாட்டில் மூஸி ஆற்றங்கரையில் அமைந்த ஒரு மருத்துவமனையிலும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஹைதராபாத் நிஜாமின் கருவூலப் பணம் அவ்வரலாற்றில் செலவாகியிருக்கிறது. நம்மவருள் பலரும் இதனை அறியார் ஆதலின், சற்று விரிவாகவே எழுதப் புகுகின்றோம்.

அறுவை சிகிச்சை என்றால் நோயாளியை நால்வர் பிடித்து அமுக்கிக்கொள்ள, அவர் அலற அலறக் கத்தி வைப்பது என்றிருந்த காலம் ஒன்று உண்டு. 1846இல் அமெரிக்காவில் ஈதர் என்னும் மயக்க மருந்து வந்தது. மறு ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் யங் சிம்ஸன் என்னும் பேராசிரியர் குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தினார். ஈதரைவிட இது விரைவில் மயக்கும், மணமும் இனியது, துணியில் சில துளிகள் தெளித்து மூக்கருகே பிடித்தால் போதும். சில வாரங்களுக்குள் ஐரோப்பா எங்கும் இதுவே பேச்சாயிற்று.

மூன்று மாதம்கூட நிறையவில்லை. 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் நியூகாஸில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபாரம் கொடுத்தனர். நோயோ அற்ப நோய், சிறுமியும் திடமானவள். ஓரிரு நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். இதற்கு முன் மற்றொரு விரலுக்கு ஈதர் கொடுத்தபோது அவளுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இச்செய்தி பரவியதும் சிம்ஸன் கூறிய விளக்கம் நம் சிந்தனைக்குரியது. சிறுமி மயங்கிக் கிடந்தபோது, அவளைத் தெளிவிக்கும் பொருட்டு வாயில் நீரும் பிராந்தியும் ஊற்றினார்கள். அதனால் மூச்சு அடைத்தே இறந்தாள். குளோரோபாரத்தின் மீது குற்றமில்லை என்றார் அவர். சிம்ஸன் பொய்யர் அல்லர். பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ தாய்மாருக்கு உதவிய நல்லவர். ஆயினும் தாம் பெற்ற பிள்ளையைப் போன்ற ஒரு மருந்தின் மீது பழி வந்தபோது, வேறு எவர் மீதேனும் அப்பழியைச் சுமத்தவே மனம் நாடியது. மருந்தின் வரலாற்றில் இம்மனநிலையைத் திரும்பத் திரும்பக் காண்கின்றோம்.

இதற்கு நேர் மாறாக நடந்துகொண்டவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. காலரா நோய் குடிநீரால் பரவுவதை 1854இல் ஒரு தெருக் குழாயை வைத்து எடுத்துக்காட்டியவர் இவரே. விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுத்தவரும் இவர்தாம். குளோரோபாரத்தால் நேர்ந்த மரணம் என்று எங்கே செய்தி வந்தாலும் அதன் விவரங்களைத் தேடித் திரட்டினார். என்ன வயது, என்ன நோய், எவ்வளவு மருந்து, முதலில் நின்றது நாடியா மூச்சா என்று ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். 1858இல் அவர் மறைந்த பின் வெளிவந்த நூலில் இவ்வகையான ஐம்பது மரணங்களின் விவரம் இருக்கிறது. குளோரோபார ஆவி காற்றில் அளவுக்கு மேல் செறிந்திருந்தால் இதயம் சட்டென்று நின்றுவிடுகிறது என்பது அவர் முடிவு. ஆதலால் துணியில் தெளித்துப் பிடிக்கும் வழக்கத்தை விட்டு, அளந்து கொடுக்கும் கருவி வேண்டும் என்றார்.

எடின்பரோக்காரர்கள் இதனை ஏற்கவில்லை. அங்கே ஜேம்ஸ் ஸைம் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் தம் மாணாக்கருக்கு ஒரு பாடம் சொல்லி வந்தார். நாடியைப் பாராதே, மூச்சை மட்டும் பார். மூச்சு ஒழுங்காக இருக்கும்வரை ஆபத்தில்லை என்பதே அது. லண்டன் பள்ளி ஒன்று, எடின்பரோ பள்ளி ஒன்று என்று இரு மத்ஹபுகள் போல மருத்துவர்கள் பிரிந்து நின்றனர். 1864இல் லண்டனில் ஒரு குழு ஆராய்ந்தது; 1877இல் கிளாஸ்கோவில் மற்றொரு குழு அமைந்து, இதயத்திற்கு ஆபத்து உண்டு என்றது. சண்டை ஓயவில்லை.

இச்சண்டையைத்தான் எட்வர்ட் லாரி என்னும் மருத்துவர் ஹைதராபாத்துக்குச் சுமந்து வந்தார். அவர் எடின்பரோவில் ஸைமின் மாணவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து லாகூரில் கற்பித்துவிட்டு, 1885இல் ஹைதராபாத் ரெஸிடென்ஸியின் மருத்துவராகவும் அங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் வந்தார். ஐந்தாம் நிஜாம் அப்ஸலுத்தௌலாவின் பெயரால் விளங்கிய அப்ஸல்கஞ்ச் மருத்துவமனையில்தான் அவரது பணி. (1908ஆம் ஆண்டு செப்டம்பரில் மூஸி பெருகியபோது அக்கட்டிடம் வெள்ளத்திற்கு இரையாயிற்று, அதன் வழிவந்ததே உஸ்மானியா மருத்துவமனை.)

நம் நாட்டு வெப்பத்திற்கும் குளோரோபாரத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஈதர் 35 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். தக்காணத்துச் சித்திரை வெயிலில் புட்டியைத் திறந்தால் பாதி காற்றோடு போய்விடும். விளக்கருகே கொண்டுபோனால் தீப்பற்றும். குளோரோபாரமோ 61 பாகையில்தான் கொதிக்கும். தீப்பற்றும் அச்சமும் இல்லை. சிறு புட்டி பலருக்குப் போதும். ஆதலின் இந்திய மருத்துவமனைகளில் குளோரோபாரம் இன்றி வேலை நடவாது என்ற நிலை இருந்தது. லாரியும் அவருடைய மாணவர்களும் ஸைமின் முறைப்படி பல்லாயிரம் பேருக்கு அதனைக் கொடுத்திருந்தனர். தம் கைப்பட்டு எவரும் இறக்கவில்லை. முறையாகக் கொடுத்தால் குளோரோபாரம் எவரையும் கொல்லாது என்பது லாரியின் அசைக்கவொண்ணா நம்பிக்கை.

அந்நம்பிக்கையை நிறுவுவதற்காக 1888இல் அவர் ஒரு குழுவை அமைத்தார். இதுவே முதலாம் ஹைதராபாத் குளோரோபாரக் குழு. நாய்களுக்கு அம்மருந்தைக் கொடுத்து, சாகும்வரை பார்த்தனர். ஒவ்வொன்றிலும் மூச்சு முதலில் நின்றது. இதயம் பின்னரே நின்றது. ஆகவே ஸைம் சொன்னதே சரி என்று முடிவு கட்டினர். லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்ஸெட்' என்னும் மருத்துவ ஏடு இதனை நம்ப மறுத்து எழுதியது. தொலைதூரத்து மாகாணத்தில் சில நாய்களைக் கொண்டு செய்த சோதனை, இத்தனை ஆண்டு அனுபவத்தைப் புரட்டிவிடுமா என்பதே அதன் கருத்தின் சாரம்.

லாரி நிஜாமிடம் சென்றார். ஆறாம் நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கான் அப்பொழுது இருபத்துமூன்று வயது இளைஞர். சர் ஆஸ்மான் ஜாஹ் திவானாக இருந்தார். லான்ஸெட் ஏடு தனக்கு நம்பிக்கையான நிபுணர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பட்டும். அவர் கண் முன்னே சோதனைகளை மீண்டும் செய்துகாட்டுவோம். அவரது செலவுக்கு ஆயிரம் பவுன் நாம் தருவோம் என்று நிஜாம் அரசு அறிவித்தது. அக்காலத்தில் ஆயிரம் பவுன் என்பது பெருந்தொகை. தன் மருத்துவரின் சொல்லைச் சரிபார்க்க, அச்சொல்லை மறுத்த ஏட்டின் ஆளையே பணம் கொடுத்து வரவழைத்த அரசுகள் எத்தனை இருக்கும்? அரண்மனைகளில் பணம் செலவான வழிகளை நாம் அறிவோம். இச்செலவு அவற்றினும் மேலானது என்பதே நம் கருத்து.

லான்ஸெட் தாமஸ் லாடர் பிரண்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. மருந்துகள் உடலில் என்ன செய்கின்றன என்னும் துறையில் அன்று இங்கிலாந்தில் முன்வரிசையில் இருந்தவர் அவர். குளோரோபாரம் இதயத்தைத் தாக்கும் என்று கருதியவர். 1889 அக்டோபரில் அவர் ஹைதராபாத்தை அடைந்தார். லாரி தலைவராகவும், பிரண்டன், போம்ஃபர்ட், ருஸ்தம்ஜி ஹக்கீம் ஆகியோர் உறுப்பினராகவும் கொண்ட இரண்டாம் குழு டிசம்பர் வரை உழைத்தது. நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என நூற்றுக்கணக்கான விலங்குகள். இரத்த அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் புகையேற்றிய தாளில் கோடிழுத்துக் காட்டும் கருவியைக் கொண்டு பதிவு செய்தனர். மருத்துவப் பள்ளியின் மாணவியான ரூபா பாய் பர்தூன்ஜி என்னும் பார்ஸி பெண்மணியும் இப்பணியில் இருந்தார். பின்னர் ஹைதராபாத் மருத்துவமனைகளில் மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பை நெடுங்காலம் ஏற்று, உலகில் அத்துறையின் முதல் பெண் மருத்துவர் என்று பலராலும் போற்றப்படுபவர் இவரே.

முடிவு லாரியின் பக்கமே வந்தது. பிரண்டன் தம் பழைய கருத்தைக் கைவிட்டு, மூச்சே முதலில் நிற்கிறது என்று லண்டனுக்குத் தந்தி அடித்தார். 1890 ஜனவரி முதல் லான்ஸெட் ஏடு அறிக்கையைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. மயக்க மருந்து கொடுப்பவர் மூச்சு ஒன்றையே கவனிக்க வேண்டும், நோயாளியின் கழுத்திலும் மார்பிலும் இறுக்கமான ஆடை இருத்தலாகாது, தாடையை முன்னே இழுத்து மூச்சு வழியைத் திறந்து வைக்க வேண்டும் என்றெல்லாம் அறிக்கை கூறியது. இவற்றுள் மூச்சு வழியைப் பற்றிய பகுதி பயனுள்ளது. அதனால் உயிர் பிழைத்தோரும் இருப்பர். நாம் அதனை மறுக்கவில்லை.

ஆனால் அறிக்கையின் அடிப்படையில் ஒரு பெரும் கோளாறு இருந்தது. முறையாகக் கொடுத்தால் குளோரோபாரம் கொல்லாது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதன் மறுபக்கம் என்ன? யாரேனும் இறந்தால், கொடுத்தவர் முறையாகக் கொடுக்கவில்லை என்பதுதானே? இனி எந்த மருத்துவர், என் கையில் ஒருவர் இறந்தார் என்று வாய் திறப்பார்? ஒவ்வொரு மரணச் செய்தியும் மருத்துவர் தம்மீதே சுமத்திக்கொள்ளும் குற்றச்சாட்டாகிவிடும். மருந்தின் மீது ஐயமே எழாதபடி கதவை அடைத்துவிடும் வாதம் இது. லாரி இதனை வேண்டுமென்று செய்தார் என்று நாம் கூறவில்லை. தம் கைத்திறனில் அவருக்கிருந்த நம்பிக்கை அவ்வாறு பேசவைத்தது.

இங்கே நாம் கற்ற கிதாபுகளின் பக்கம் சற்றுத் திரும்புவது பொருந்தும். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா, தமது 'அல் கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், மருந்தைச் சோதித்து அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்துள்ளார். மருந்து கலப்பற்றதாக இருத்தல், பல நோய்கள் கலவாத நோயாளியிடம் சோதித்தல், மருந்தின் விளைவு எந்த நேரத்தில் தோன்றுகிறது என்று பார்த்தல், அவ்விளைவு எப்போதும் அல்லது பெரும்பாலும் நிகழ்கிறதா என்று கண்டறிதல் ஆகியவை அவற்றுட் சில. ஏழாவது நிபந்தனை மனித உடலில் சோதிக்க வேண்டும் என்பது. சிங்கத்தின் உடலுக்கும் குதிரையின் உடலுக்கும் ஒரு மருந்து ஒருவகையாக இருக்க, மனித உடலுக்கு அது வேறுவகையாக இருக்கலாம் என்று அவர் காரணமும் காட்டுகிறார். நிஜாமின் நூலகங்களில் இந்நூலுக்குப் பஞ்சமிருந்திருக்காது. நூற்றுக்கணக்கான விலங்குகளைக் கேட்ட குழு, மேசைமீது இறந்துபோன மனிதர்களின் கதையைக் கேட்கவில்லை.

அதனைக் கேட்டது லான்ஸெட். ஹைதராபாத் அறிக்கைக்குப் பிறகும் குளோரோபார மரணச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஆகவே அவ்வேடு வேறு வழியில் இறங்கிற்று. பிரிட்டனிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் உள்ள மருத்துவர்களுக்கு வேண்டுகோள் விடுத்து, மயக்க மருந்தினால் நேர்ந்த மரணங்களைப் பற்றி எழுதியனுப்பக் கேட்டது. டட்லி பக்ஸ்டன் என்னும் மயக்க மருந்து நிபுணர் அவற்றை வகைப்படுத்தினார். 1893இல் அவ்வறிக்கை வெளியாயிற்று. அதில் அற்பமான அறுவைக்காகப் படுத்தவர்களும், திடமான உடலினரும் இருந்தனர். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடி நின்றுபோனதாக எழுதப்பட்டவை பல. ஈதரைக் காட்டிலும் குளோரோபாரமே ஆபத்து மிகுந்தது என்பது தெளிவாயிற்று. மருத்துவர்கள் தாமாக முன்வந்து எழுதியனுப்பும் செய்திகளைத் திரட்டி, ஒரு மருந்தின் தீங்கை அறியும் இன்றைய முறைக்கு முன்னோடி இந்த 1893ஆம் ஆண்டு அறிக்கையே என்று இத்துறையின் வரலாற்றாளர் கூறுகின்றனர். நிஜாமின் ஆயிரம் பவுன் விடையைத் தரவில்லை. ஆனால் லான்ஸெட்டைச் சரியான கேள்வி வரை கொண்டுவந்து சேர்த்தது.

ஹைதராபாத்தில் பார்த்தது பொய்யா என்று வாசகர் கேட்கலாம். பொய்யன்று. 1911ஆம் ஆண்டளவில் லண்டனில் குட்மன் லெவி என்பவர் புதிரை அவிழ்த்தார். அவரும் சோதித்தது பூனைகளைத்தாம். ஆனால் அவர் ஆழ்ந்த மயக்கத்தை விட்டு, அரைகுறை மயக்கத்தை ஆராய்ந்தார். குளோரோபாரம் இலேசாக ஏறியிருக்கும் வேளையில், அச்சத்தாலோ வலியாலோ உடலில் அட்ரீனலின் சுரந்தால், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடுகின்றன, இரத்தம் ஓடுவதில்லை, ஆள் நொடியில் முடிந்துபோகிறார். ஹைதராபாத்தில் விலங்குகளுக்கு மிகுதியாகக் கொடுத்துச் சாகடித்தனர். மிகுதியாகக் கொடுத்தால் மூச்சுத்தான் முதலில் நிற்கும். சிறுமி ஹன்னா போன்றோரோ மயக்கத்தின் வாயிற்படியிலேயே, பயந்த நிலையில் இறந்தவர்கள். குழு பார்த்தது ஒரு சாவு. மனிதர் செத்தது வேறொரு சாவு. ஹன்னாவின் மரணத்திற்கும் இவ்விளக்கத்திற்கும் இடையே அறுபத்துமூன்று ஆண்டுகள். லாரி 1915இல் மறைந்தார். குளோரோபாரம் உடனே ஒழிந்துவிடவில்லை; இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம் நாட்டு மருத்துவமனைகளில் அதன் மணம் வீசிற்று.

அரை மயக்கத்தில் பயந்து இறந்தவரை எவரும் எண்ணாமல் விட்டதுபோலவே, இன்றும் நம் ஊர்களில் எண்ணப்படாமல் போகும் செய்திகள் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவில் ஒரு மூதாட்டிக்கு வலி மாத்திரை உண்ட சில வாரங்களில் உடலெங்கும் தடிப்பும் காய்ச்சலும் கண்டன. மருந்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டோம். "அது எப்படி ஹஜ்ரத் சொல்றது? அவரு கைராசிக்காரரு. மருந்துமேல குத்தம் சொன்னா அவருமேல சொன்ன மாதிரி ஆவாதா? என் உடம்பு வாகு அப்படி" என்றார். லாரியின் வாதம் அப்ஸல்கஞ்சோடு முடிந்துவிடவில்லை என்று அன்று எண்ணிக்கொண்டோம். கொடுத்தவர் நல்லவர், எனவே கொடுத்தது தீங்கு செய்யாது, தீங்கு நேர்ந்தால் வாங்கியவரின் உடம்பு சரியில்லை. வேறு சிலர் எல்லாம் இறை நாட்டம் என்று அமைதியடைவர். இறை நாட்டத்தை நம்புவோருக்கு நடந்ததை உள்ளபடி சொல்ல என்ன தடை என்பது நமக்கு விளங்கவில்லை.

நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்னும் எண்ணம் முஸ்லிம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் (கி.பி. 12) ஷாம் நாட்டில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, அங்காடிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுகளுக்காக எழுதிய 'நிஹாயத்துர் ருத்பா' என்னும் நூலில் மருந்து வணிகர், ஷர்பத் காய்ச்சுவோர், மருத்துவர் ஆகியோரைப் பற்றித் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. மருத்துவர் நோயாளியைப் பார்த்ததும் நோய்க் குறிகளையும் தாம் கொடுக்கும் மருந்தையும் எழுதி, அதன் பிரதியை நோயாளியின் உறவினரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இவ்வாறு செய்ய வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் உறவினர் அச்சீட்டுகளைத் தலைமை மருத்துவரிடம் காட்டலாம். தவறு மருத்துவருடையது என்று அவர் கண்டால் உயிரீடு பெறலாம் என்பது அதில் கூறப்படும் நடைமுறை. பண்டைய யவன அரசர் காலத்து வழக்கம் என்று அவர் இதனைக் குறிக்கின்றார். எழுத்தில் இருக்க வேண்டும், நோயாளியின் வீட்டார் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்ற இரண்டும் சாலச் சிறந்தவை. ஆயினும் அம்முறையில் எழுத்து, தண்டனைக்குச் சான்றாகவே பயன்பட்டது. கவனக்குறைவான மருத்துவரை அது பிடித்துவிடும். கவனமாகக் கொடுத்தும் தீங்கு செய்த மருந்தை அது பிடிக்காது.

அதற்கு வழி காண உலகம் இன்னொரு பேரிடரைக் காண வேண்டியிருந்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைட் என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களின் காலைநேரக் குமட்டலுக்கும் அதனைக் கொடுத்தனர். கைகால் குறுகிய குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. 1961 நவம்பரில் ஜெர்மானிய மருத்துவர் வீடுகிண்ட் லென்ஸ் மருந்தின் மீது ஐயத்தை வெளியிட்டார். டிசம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மக்பிரைட், அதே லான்ஸெட் ஏட்டுக்குச் சில வரிகளே கொண்ட ஒரு கடிதம் எழுதி, வேறு எவரேனும் இதனைக் கண்டதுண்டா என்று கேட்டார். அதற்குள் பல நாடுகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரத்திற்கு மேல். 1964இல் பிரிட்டன், மருத்துவர்கள் ஐயத்தை எழுதியனுப்ப மஞ்சள் அட்டை முறையை ஏற்படுத்தியது. 1968இல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளுடன் பொதுத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1978 முதல் அதன் நடுவம் ஸ்வீடனின் உப்ஸாலா நகரில் இயங்குகிறது. அங்கே சேர்ந்துள்ள அறிக்கைகள் மூன்று கோடியைத் தாண்டிவிட்டன.

இந்தியா 1997இல் இதில் இணைந்தது. அன்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தில் தேசிய நடுவமும், அதற்குத் துணையாக இரண்டே நடுவங்களும் இருந்தன. அவ்விரண்டில் ஒன்று பம்பாயில். மற்றொன்று அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியில். அம்முயற்சி தளர்ந்துபோக, 2010 ஜூலையில் புதிய தேசியத் திட்டம் தொடங்கப்பெற்று, மறு ஆண்டு ஏப்ரலில் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் பொறுப்பில் விடப்பட்டது. இன்று மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான நடுவங்கள் உள்ளன. நம் ஊருக்கு எட்டும் தொலைவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உண்டு.

இதனால் விளைந்தது என்ன என்று கேட்பவருக்கு ஒன்று சொல்வோம். மாதவிலக்கு வயிற்றுவலிக்கும், பல்வலிக்கும், மூட்டுவலிக்கும் நம் வீட்டுப் பெண்கள் கடையில் கேட்டு வாங்கும் மெஃபனமிக் அமிலம் என்னும் மாத்திரையைப் பற்றி, 2023 நவம்பர் 30ஆம் நாள் அவ்வாணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நாடெங்கிலுமிருந்து வந்த அறிக்கைகளை ஆராய்ந்ததில், இம்மருந்து அரிதாக ஒரு கடும் ஒவ்வாமையை உண்டாக்கக் காண்கின்றோம். தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல், உள்ளுறுப்புகளின் பாதிப்பு ஆகியன தோன்றலாம். கவனித்து எழுதியனுப்புங்கள் என்பது அதன் பொருள். மருந்து உண்ட இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் இது தோன்றும் என்பதால், உண்டவரே இரண்டையும் முடிச்சிட்டுப் பார்ப்பதில்லை. எங்கோ சில மருத்துவர்களும் சில நோயாளிகளும் முடிச்சிட்டுப் பார்த்து எழுதியதனால்தான் அவ்வெச்சரிக்கை பிறந்தது. மாத்திரையை அரசு தடை செய்யவில்லை. எவரும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. தடிப்போ வீக்கமோ மூச்சுத் திணறலோ கண்டால் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். செல்லும்போது உண்ட மாத்திரையின் அட்டையையும் எடுத்துச் செல்ல வேண்டும். தொடங்கிய நாளும் தடிப்புக் கண்ட நாளும் ஒரு துண்டுத் தாளில் குறித்திருந்தால் இன்னும் நலம்.

மருத்துவரும் மருந்துக் கடைக்காரரும் செவிலியரும் மட்டுமே இவ்வறிக்கையை அனுப்பலாம் என்றிருந்த நிலை 2014இல் மாறி, நோயாளியோ அவர் வீட்டாரோ நேரே எழுதுவதற்குத் தனிப் படிவம் வந்தது. தமிழிலும் தெலுங்கிலும் அது கிடைக்கிறது என்பது எல்லைப்புறத்தாராகிய நமக்கு ஒரு வசதி. நோயாளியின் முழுப்பெயர் வேண்டியதில்லை, முதலெழுத்துகள் போதும். மருந்து எது, எதற்காக, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன நேர்ந்தது, இப்பொழுது எப்படி இருக்கிறது என்பவையே கேள்விகள். மருந்தினால்தான் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐயம் ஒன்றே போதும். இவ்வறிக்கையை வைத்து மருத்துவர் மீது வழக்குத் தொடர்வதில்லை. எழுதத் தெரியாதவர் 1800 180 3024 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் சொல்லலாம். வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை அங்கே ஆள் இருப்பர்.